இலை படம் போட்ட சட்டையும் தறி பார்க்கப் போகும் டூரும்: நாம் செய்கிற சில தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நாலு வருடம் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றால் தினமும் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஒரே ரோல் துணியில் வெட்டி, ஒரே லைனில் தைத்து, ஒரே அக்கா பிசிறு எடுத்த டீ ஷர்ட்டுகள் கடைசியில் இரண்டு குவியலாகப் பிரியும். ஒரு குவியலுக்கு வழவழப்பான சாதா டேக். இன்னொன்றுக்குப் பழுப்புக் காகிதத்தில் இலை படம் போட்டு, சணல் கயிறு கோத்து, பூமியைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு வரி அச்சடித்த டேக். அந்தச் சணல் டேக்குகள் நூறு நூறாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தான் எங்களிடம் வந்து சேரும்.

அந்த இலை பிராண்ட்காரர்கள் ஒருமுறை விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டும், 'கிராமத்து ஃபீல்' இருக்கிற இடமாகக் காட்டுங்கள் என்றார்கள். சென்னிமலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பெரியவரைத் தறியில் உட்கார வைத்து, பக்கத்தில் மாடல் பையனை டீ ஷர்ட்டோடு நிறுத்தி, காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது மதியம் இரண்டரைக்குத்தான் முடிந்தது. டீ ஷர்ட் துணி வட்டமாகச் சுற்றும் நிட்டிங் மெஷினில் பின்னப்படுவது. அதற்கும் தறிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. படம் வெளியானபோது கீழே வேர், மண், பாரம்பரியம் என்று ஏதேதோ எழுதியிருந்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை, சம்பளம் வாங்குகிற ஆள்தானே. பெரியவருக்கு ஒரு டீயும் ஒரு டீ ஷர்ட்டும் கிடைத்தன. அவர் போர்வைக் கணக்கில் கூலி வாங்குகிறவர், நெய்தால்தான் காசு. அப்படியென்றால் அன்றைக்குத் தறி நின்ற ஐந்தரை மணி நேரத்துக்கான செலவை ஏற்றுக்கொண்டது அவர்தான். இது எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது.

அப்புறம் அந்தத் தெருவுக்கு வேன்கள் வர ஆரம்பித்தன. 'நெசவுக் கிராமத்தில் ஒரு நாள்' மாதிரி ஒரு பெயரில், வார இறுதியில், பத்துப் பதினைந்து பேர். விளம்பரத்தில் நடந்ததே மறுபடி நடந்தது, இந்த முறை டிக்கெட் போட்டு.

அதனால்தான் ஃபேஷன் விளம்பரப் பச்சைப் பூச்சையும் கிராமச் சுற்றுலாவையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டிலும் நமக்கு விற்கப்படுவது ஒரே படம்தான்: தறி, பாட்டி, வயல், திண்ணை. அந்தப் படத்துக்குள் வராமல் வெளியே நிற்பதும் அநேகமாக அதே இரண்டு விஷயங்கள். தண்ணீர் எங்கே போகிறது, கூலி யார் கைக்குப் போகிறது.

உள்ளே இருப்பதை மறைத்து வெளியே பசுமை வேஷம் போடுகிற இந்தப் பச்சைப் பூச்சுக்கு ஆங்கிலத்தில் கிரீன்வாஷிங் என்று பெயர். சொல்லப்போனால் அந்தச் சொல்லே சுற்றுலாவில் பிறந்ததுதான். ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1986-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. ஃபிஜித் தீவு ரிசார்ட் ஒன்றில், கடலையும் பவளப்பாறையையும் காப்பாற்ற ஒரே துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று விருந்தினரிடம் ஒரு அட்டை கேட்டுக்கொண்டது. அதே ரிசார்ட் அப்போது கரையில் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது. துண்டைத் துவைக்காததால் மிச்சமாவது லாண்டரிச் செலவு, அதற்குப் பெயர் பூமி.

சொல்லை வைத்து வாங்குவது

முதல் தவறு இதுதான், நானும் செய்திருக்கிறேன். 'எகோ', 'கான்சியஸ்', 'நேச்சுரல்', 'கிரீன்' எல்லாம் எடை இல்லாத சொற்கள். எவ்வளவு சதவீதம், எந்தப் பகுதி, எதோடு ஒப்பிட்டு என்கிற மூன்றும் பக்கத்தில் இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு 'சூப்பர்', 'அருமை' என்பதற்கு மேல் மதிப்பு கொடுக்க வேண்டியதில்லை.

பெரிய கம்பெனிகளே இதில் மாட்டியிருக்கின்றன. நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தை ஆணையம் 2022-இல் எச் அண்ட் எம் போட்ட 'கான்சியஸ்', டெகாத்லான் போட்ட 'எகோடிசைன்' என்ற லேபிள்களைப் பிடித்து, இதற்கு என்ன அர்த்தம் என்று வாங்குகிறவருக்கு எங்கே சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டது. இரண்டு கம்பெனிகளும் அந்தச் சொற்களை எடுக்கவோ திருத்தவோ ஒப்புக்கொண்டன, 5 லட்சம் யூரோவும் 4 லட்சம் யூரோவும் நிலைத்தன்மைப் பணிகளுக்குக் கொடுப்பதாகவும் சொல்லி விஷயத்தை முடித்தன. ஷீன் கம்பெனிக்கு இத்தாலியில் 2025 ஆகஸ்டில் 10 லட்சம் யூரோ அபராதம், தெளிவில்லாத, மிகைப்படுத்திய பசுமைப் பேச்சுக்காக.

இந்தியாவிலும் விதி வந்துவிட்டது, பலருக்குத் தெரியவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் கிரீன்வாஷிங்குக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. சும்மா 'எகோ ஃபிரெண்ட்லி' என்று போடக்கூடாது, போட்டால் விளக்கமும் ஆதாரமும் வேண்டும். அந்தப் பெருமை முழுப் பொருளுக்கா, தயாரிப்பு முறைக்கா, பேக்கிங்குக்கு மட்டுமா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். விளம்பரத் தர கவுன்சிலும் அதற்கு முன்னாடியே, 2024 பிப்ரவரியிலிருந்து இதே போக்கில் விதி வைத்திருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். புகார் சொல்ல 1915 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம். கவர் மட்டும் காகிதமாக மாறியிருக்கும், உள்ளே அதே பாலியஸ்டர் இருக்கும், பெட்டி மேல் மட்டும் பெரிய இலை இருக்கும். இந்த மாதிரிக் கேஸ்தான் நம் ஊரில் அதிகம்.

நூலைப் பார்த்துவிட்டுச் சாயத்தை மறப்பது

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் என் ஊர்க் கதை.

டேக்கில் எழுதியிருப்பது எப்போதும் நூலைப் பற்றியது: பருத்தி, ஆர்கானிக், ரீசைக்கிள். துணி கடையில் தொங்குவதற்கு நடுவே நனைகிற இடம் ஒன்று இருக்கிறது, அது சாயப்பட்டறை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நூலில் ஏற வேண்டுமென்றால் உப்பு வேண்டும், கறுப்பு, நேவி மாதிரி அடர் நிறத்துக்கு இன்னும் அதிகம். சாயம் துணியில் ஒட்டும், உப்பு ஒட்டாது. போட்ட உப்பு அவ்வளவும் தண்ணீரோடு வெளியே வரும்.

அந்தத் தண்ணீர் வருடக்கணக்கில் நொய்யல் ஆற்றில் போனது. சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையை 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டினார்கள். கட்டிய சில வருடங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. வயலுக்குத் தண்ணீர் கேட்ட விவசாயிகள் பிறகு அணையைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. வழக்குமேல் வழக்கு நடந்து, 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற முறைக்கு மாறின பிறகுதான் படிப்படியாகத் திறந்தார்கள்.

சரி, இப்போது? நியாயமாகச் சொன்னால் நிலைமை அப்போதைக்கு எவ்வளவோ மேல். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. வைத்துப் பெரும்பகுதி நீரை மீட்டுத் திரும்பச் சாயத்துக்கே எடுக்கிறார்கள், உப்புத் தண்ணீரையும் முடிந்த மட்டும் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மீதியை எவாபரேட்டரில் காய்ச்ச வேண்டும், காய்ச்சப் பாய்லர் எரிய வேண்டும், கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சும். இவ்வளவு செலவு செய்து ஒழுங்காகச் சாயம் போடுகிற பட்டறைக்கும், ராத்திரியில் பள்ளத்தில் திறந்துவிடுகிற பட்டறைக்கும் கிலோவுக்குச் சில ரூபாய்தான் வித்தியாசம். அந்தச் சில ரூபாயைத் தர மாட்டேன் என்று பேரம் பேசுகிறவர்களே டேக்கில் தண்ணீரைப் பற்றிக் கவிதை எழுதுவதை நான் மீட்டிங்கிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு பிராண்ட் நிஜமாகவே அக்கறைப்படுகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், பருத்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். சாயம் எந்த ஊரில் போட்டீர்கள் என்று கேளுங்கள்.

சர்டிபிகேட் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

ஆர்கானிக் என்பதற்கு உலக அளவில் அதிகம் புழங்கும் முத்திரை ஜிஓடிஎஸ் (குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்ட்). அதிலேயே இரண்டு படி உண்டு. 95 சதவீதத்துக்கு மேல் ஆர்கானிக் நார் இருந்தால் 'ஆர்கானிக்' என்று போடலாம், 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 'ஆர்கானிக் நார் கொண்டு தயாரித்தது' என்றுதான் போட வேண்டும். முத்திரைக்குக் கீழே யார் தணிக்கை செய்தது, லைசென்ஸ் எண் என்ன என்பது இருக்கும், அந்த எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டுத் தேடிவிடலாம். எண் இல்லாமல் முத்திரை மட்டும் இருந்தால் அது வெறும் படம்.

எண் இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. ஒவ்வொரு லோடுக்கும் டிசி என்று ஒரு பரிவர்த்தனைச் சான்று கைமாறும், பஞ்சிலிருந்து நூல், நூலிலிருந்து துணி என்று. 2020-இல் இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலி டிசி ஓடியிருப்பதை ஜிஓடிஎஸ் அமைப்பே கண்டுபிடித்து வெளியில் சொன்னது. அவர்களே சொன்னார்கள் என்பதால் எனக்கு அந்த முத்திரை மேல் மரியாதை கொஞ்சம் கூடத்தான் செய்தது.

'பெட்டர் காட்டன்' வேறு. அது ஆர்கானிக் இல்லை, மரபணு மாற்றிய விதைக்கும் அதில் இடம் உண்டு, தண்ணீரையும் மருந்தையும் குறைத்துப் பயிர் செய்யப் பழக்குகிற திட்டம். அதில் ரொம்ப காலமாக இருந்தது கணக்கு முறை, அதாவது வாங்கிய அளவு மட்டும் கணக்கில் ஓடும், பஞ்சு மற்ற பஞ்சோடு கலந்துவிடும். பேங்கில் ஒரு 500 ரூபாய்த் தாளைப் போட்டு ஏடிஎம்மில் எடுத்தால் வருவது வேறு தாள், கணக்கு மட்டும் சரியாக இருக்கும் இல்லையா, அதே மாதிரி. சமீபத்தில் தடம் பார்க்கிற வழியையும் சேர்த்திருக்கிறார்கள், ஆனாலும் கணக்கு முறையில் வந்த துணி என்றால் உங்கள் சட்டைக்குள்ளே அந்த விவசாயியின் பருத்திதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூங்கில் துணி பற்றி ஒரே வார்த்தை: விஸ்கோஸ். மூங்கிலைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து இழுத்த செயற்கை நார் அது. அமெரிக்காவில் இதை மூங்கில் என்றே விளம்பரம் செய்ததற்காக வால்மார்ட்டும் கோல்ஸும் 2022-இல் இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்டின.

ரீசைக்கிள் பாலியஸ்டர் பெரும்பாலும் பழைய துணியிலிருந்து வருவதில்லை, பெட் (PET) என்கிற பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வருகிறது. பாட்டிலை மறுபடி மறுபடி பாட்டிலாக்கலாம், டீ ஷர்ட் ஆக்கினால் பயணம் அநேகமாக அங்கேயே முடிந்துவிடும், துவைக்கத் துவைக்க நுண்ணிழையும் கழியும். ஒரு வேடிக்கை என்னவென்றால், எங்கள் கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்கள் கட்டிங் வேஸ்ட்டையும் மில் கழிவுப் பஞ்சையும் நூலாக்கிப் பல வருடங்களாக லுங்கிக்கும் போர்வைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அதில் யாரும் இலை படம் போட்டதில்லை. அதற்கு 'வேஸ்ட் நூல்' என்றுதான் பெயர், விலையும் குறைச்சல்.

கைத்தறி, கதர், இயற்கைச் சாயம்: மூன்றையும் ஒரே பையில் போடுவது

கதர் என்றால் நூலும் கையால் நூற்றது, துணியும் கையால் நெய்தது. கைத்தறி என்றால் நெசவு மட்டும் கையில், நூல் மில்லில் வந்தது. விசைத்தறி மூன்றாவது. கொடி காத்த குமரன் பிறந்த ஊர் சென்னிமலை, அங்கேயே போய் நின்று ஒருவர் விசைத்தறிப் போர்வையைக் காட்டி 'காதி' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி 11 வகைத் துணிகள் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அது அமலில் எவ்வளவு இருக்கிறது என்பது தெருவில் நடந்தாலே காதில் விழும். விசைத்தறியின் கடகடச் சத்தம் மறைக்க முடியாதது.

எது கைத்தறி என்று கண்டுபிடிக்க ஒற்றைச் சோதனை எதுவும் கிடையாது. ஓரத்தில் ஊசித்துளை இருக்கிறதா பார், நெருக்கம் கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கிறதா பார் என்பார்கள். ஓரளவு உதவும், ஏமாற்றவும் ஏமாற்றும். பார்க்க வேண்டியது 2006-லிருந்து இருக்கிற கைத்தறி முத்திரை, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக் கடை, அப்புறம் முக்கியமாக விலை. ஒரு சேலைக்கு ஒரு ஆள் எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், இந்த விலைக்கு அந்தக் கூலி கட்டுமா என்று. கட்டாது என்றால் அது கைத்தறி இல்லை, அல்லது யாரோ ஒருவர் வயிறு காய்கிறது.

இக்கத் மாதிரித் துணிக்குச் சோதனை சுலபம். நூலிலேயே கட்டிச் சாயம் ஏற்றிப் பிறகு நெய்வதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், பூவின் ஓரம் லேசாகக் கலங்கித் தெரியும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது பிரின்ட். தெலங்கானாவின் போச்சம்பள்ளிக்கு 2021-இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த சுற்றுலாக் கிராமம் என்ற பெயர் கிடைத்தது. இக்கத் ஊருக்கே போனாலும் துணியைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இயற்கைச் சாயம் என்றதும் தண்ணீருக்குக் கெடுதலே இல்லை என்று நினைக்கிறோம். அவுரியும் மஞ்சளும் நல்லதுதான், ஆனால் நிறம் ஒட்டப் படிகாரமோ இரும்போ வேண்டும், சிலர் தாமிர உப்பும் போடுவார்கள். அலசவும் நிறையத் தண்ணீர் வேண்டும். குஜராத்தின் கச்சில் அஜ்ரக் அச்சுத் துணி செய்கிற கத்ரி குடும்பங்கள் தமட்கா என்ற ஊரில் இருந்தவர்கள். 2001 பூகம்பத்துக்குப் பிறகு அங்கே தண்ணீர் சாயத்துக்கு ஒத்துவராமல் போனதால் அவர்களில் பலர் புஜ் பக்கம் அஜ்ரக்பூர் என்று புது ஊரே அமைத்துக் கிளம்பினார்கள். இயற்கைச் சாயக்காரர்கள் தண்ணீரைத் தேடி ஊரையே மாற்றியிருக்கிறார்கள், நாம் டேக்கில் 'நேச்சுரல் டை' என்று பார்த்ததும் தண்ணீரை மறந்துவிடுகிறோம்.

இனி வேனில் ஏறுவோம்

கிராமத்துக்குப் போகிறவர் செய்யும் பெரிய தவறு, பார்ப்பது இலவசம் என்று நினைப்பது. மேலே சொன்ன பெரியவர் கதைதான். தறியோ மண்பானையோ பாயோ, உருப்படிக் கூலிக்கு வேலை செய்கிறவர் உங்களுக்காகக் கையை நிறுத்தினால் அவருக்கு நஷ்டம். "ஒரு தடவை நாங்களும் அடிச்சுப் பாக்கட்டுமா" என்று ஆளாளுக்குத் தறியில் உட்கார்ந்து, இழையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகும் நாடாவைத் தட்டிவிட்டுப் போவார்கள். இழை அறுந்தால் அதைப் பிணைக்க அவருக்குத்தான் நேரம் ஆகும், துணியில் குறை விழுந்தால் சங்கத்தில் கழித்துக்கொள்வதும் அவர் கூலியில்தான். டூர்க்காரர் தலைக்கு இவ்வளவு என்று வாங்கியதில் தறி வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்று ஏறுவதற்கு முன்னே கேளுங்கள். இழுத்தால், அல்லது "அவங்க பணமெல்லாம் எதிர்பார்க்க மாட்டாங்க" என்றால், பதில் கிடைத்துவிட்டது.

அடுத்தது, 'வில்லேஜ் ஸ்டே' என்ற பலகையைப் பார்த்துக் கிராமம் சம்பாதிக்கிறது என்று நம்புவது. மண் சுவர், ஓட்டுக் கூரை, கயிற்றுக் கட்டில், வாசலில் மாட்டு வண்டி எல்லாம் இருக்கும். முதலாளி சென்னையில், சமையல்காரர் வேறு ஊர், அரிசி டவுன் மொத்தக் கடையில், பால் பாக்கெட்டில். ஊர்க்காரர்களுக்கு மிஞ்சுவது கூட்டிப் பெருக்குகிற வேலையும் செக்யூரிட்டி வேலையும். கேரளத்தில் குமரகத்தில் 2008 வாக்கில் பொறுப்புச் சுற்றுலா என்று ஆரம்பித்தபோது அவர்கள் கை வைத்தது இந்த இடத்தில்தான்: ரிசார்ட்டுகள் காய்கறியை உள்ளூர் விவசாயிகளிடமும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களிடமும் வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் தினமும் இத்தனை கிலோ, இந்தத் தரம், இந்த விலை என்று பேசி முடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று சந்தைக்குக் காய் போட்டவர்களுக்குத் தெரியும். நான் இப்போதெல்லாம் தங்கப் போகிற இடத்தில் முதலில் கேட்பது ஒரே கேள்விதான், "பால் யாருங்க ஊத்துறாங்க?" பேர் சொல்லிப் பதில் வந்தால் அது ஓரளவு ஊரோடு ஒட்டிய இடம்.

தண்ணீர் இங்கேயும் வரும். பஞ்சாயத்துக் குழாயில் சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில் ஒரு தங்குமிடம் ஆழ்துளைக் கிணறு போட்டு நீச்சல் குளம் வைத்தால், அதன் சுவர் சாணம் மெழுகியதாக இருந்து என்ன, சோப்பு மூலிகையாக இருந்து என்ன. குப்பையும் அப்படித்தான், சிறு பஞ்சாயத்தில் இரண்டு மூன்று தூய்மைக் காவலர்கள், ஒரு தள்ளுவண்டி. தீபாவளி, பொங்கல் லீவில் ஊர் மக்கள் தொகையைவிட வண்டி அதிகம் வந்தால் அதை அள்ள ஆள் எங்கே? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்குமே 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வைக்க உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அவை நகராட்சிகள், அங்கேயே அப்படி. டவுனில் இடமில்லை என்று அங்கிருந்து உள்ளே மலைக்கிராமங்களுக்குத் தள்ளிவிடப்படும் கூட்டம் அப்பாவி ஊர்கள் தலையில் விழுகிறது.

எல்லோரும் எழுதத் தயங்குகிற ஒன்றும் இருக்கிறது. 'ஊரைச் சுற்றிப் பார்க்கலாம்' என்று கூட்டிப் போகும்போது எந்தத் தெரு வரை கூட்டிப் போகிறார்கள் என்று கவனியுங்கள். கோயில், தேர்முட்டி, பெரிய வீட்டுத் திண்ணை, தறி, திரும்பி வந்து வாழை இலைச் சாப்பாடு. காலனிப் பக்கம் வண்டி திரும்பாது. வீட்டில் விருந்தினரைத் தங்க வைக்கிற வாய்ப்பும், சமைத்துப் போடுகிற வாய்ப்பும், அதில் வருகிற காசும் எந்தத் தெருவுக்குள்ளேயே சுற்றுகிறது என்று பார்த்தால் கிராமச் சுற்றுலா கிராமத்தை எப்படி ஆக்குகிறது என்று புரியும். ஏற்கெனவே இருக்கிற சாதிக் கோடு இன்னும் அழுத்தமாக விழுகிறது. இதைத் திட்டம் போடுகிறவர்கள் முதல் நாளே யோசிக்கவில்லையென்றால் பிறகு யாரும் யோசிக்கப் போவதில்லை.

ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விலை வைப்பதும் ஒரு தவறு. காலை ஐந்து மணிக்குக் காபியிலிருந்து ராத்திரி பாத்திரம் கழுவுவது வரை அம்மாவும் மருமகளும், பணம் வாங்குவது மட்டும் வீட்டுக்காரர். விருந்தினர் 'வீட்டுச் சாப்பாடு பிரமாதம்' என்று ரிவ்யூ எழுதுவார். அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு கூலியை நீங்களே முதலில் எழுதி வைத்தால்தான் அறை வாடகை லாபமா நஷ்டமா என்றே தெரியும்.

தோடர் பூவேலை: இரண்டு தவறும் ஒரே இடத்தில்

நீலகிரி தோடர் பூவேலை வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் எண்ணி எண்ணிக் கையால் போடுவது, 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் ஆகும். ஊட்டிக் கடைகளில் அதே சிவப்பு கறுப்பு டிசைனை மெஷினில் போட்டு அல்லது பிரின்ட் அடித்துப் பை, மஃப்ளர் என்று தொங்கவிட்டிருப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு, மந்துக்கு (தோடர் குடியிருப்புக்கு) போய், அனுமதி கேட்காமல் வீட்டையும் பாட்டியையும் படம் எடுத்து, 'பழங்குடிக் கலையை ஆதரிப்போம்' என்று ஸ்டேட்டஸ் வைத்தால் அதில் ஆதரவு எங்கே இருக்கிறது? கோயில் வேலிக்குள் காலை வைக்கிறவர்கள்கூட உண்டு. அது அவர்கள் சாமி கும்பிடுகிற இடம், செல்ஃபிக்குக் கட்டின செட் இல்லை. அசலை வாங்க முடியவில்லையா, வாங்காமலே வரலாம்.

சிறு பிராண்ட் நடத்துகிற நண்பர்களுக்கு

உங்களைத் திட்ட வரவில்லை, நானே நாளைக்கு ஒன்று ஆரம்பிக்கலாம். மூன்று டிசைன் மட்டும் ஆர்கானிக் என்றால் 'எங்கள் பிராண்ட் ஆர்கானிக்' என்று பக்கத்தில் போடாதீர்கள், அந்த மூன்றை மட்டும் சொல்லுங்கள். ஒரு டீ ஷர்ட்டுக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் மிச்சம் என்று இணையத்தில் கிடைத்த எண்ணை அச்சடிக்காதீர்கள். மானாவாரிப் பருத்திக்கும் இறைவைப் பருத்திக்கும் கணக்கே வேறு, உங்கள் துணிக்கு அளக்காத எண் உங்கள் எண் இல்லை. தறி வீட்டில் படம் எடுத்தால் தறியில் நெய்ததைத்தான் எடுக்க வேண்டும், அந்த நாள் கூலியை முன்கூட்டிக் கொடுத்துவிட வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று போட்டால் வாங்குகிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்படுகிறோம். 'சாயம் வெளியில் ஜாப் ஒர்க், அந்தப் பட்டறை சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தது, நூல் எந்தத் தோட்டம் என்று எங்களால் சொல்ல முடியாது' என்று ஒரு சின்னக் கம்பெனி டேக்கில் எழுதியிருந்ததைப் பார்த்து நான் இரண்டு வாங்கினேன்.

போன மாதம் சென்னிமலை போயிருந்தேன். பெரியவர் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. வருகிறவர்கள் முன்னாடியே போன் பண்ண வேண்டும், தலைக்கு ஒரு தொகை, தறியில் உட்கார விட மாட்டார், வேண்டுமென்றால் நூலைத் தாராகச் சுற்றும் இராட்டையில் உட்காரலாம். மகள் போட்ட விதி என்றார், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. ஆனாலும் ஒரு சங்கடம் தீரவில்லை. நெய்த போர்வைகளைச் சொசைட்டியில் கொடுத்துக் கணக்கு முடிப்பது சனிக்கிழமை, அதற்காக வெள்ளிக்கிழமை ராத்திரி வரை தறி ஓடும், வேன் வருவதும் சரியாக அந்த நேரம்தான். "வர்றவங்கள வேண்டாம்னு சொல்லலீங் தம்பி, காசும் குடுக்கறாங்க. செவ்வாய் புதன்ல வரச் சொல்லுங்க, நின்னு பேசலாம்" என்றார். டூர் நடத்துகிறவரிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமைக்கு யார் சார் லீவு போடுவார்கள் என்கிறார்.